கரண்ட் ஒத்தடம்

எங்கள் பக்கத்தில் இடுப்பு வலியை யாரும் வெறும் வலி என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள். குனியும்போது வந்தால் அது பிடிப்பு. உட்கார்ந்து எழும்போது வந்தால் இழுப்பு. படுத்த பிறகும் விடாமல் உள்ளே எதையோ தேடுகிற மாதிரி இருந்தால் குடைச்சல். அக்காவுக்கு இருந்தது குடைச்சல்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஓசூரில் அப்போது கம்பெனிகள் எதுவும் வரவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் போகிற லாரிகள்தான் ஊரின் பாதிப் பிழைப்பு. அந்த ரோட்டின்மேல் எங்கள் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு. தமிழில் கேட்பவருக்குத் தமிழ், கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடம், தெலுங்கில் திட்டுபவருக்குத் தெலுங்கில் பதில். அண்ணனுடைய வாய்க்காகவே சாப்பிட வந்தவர்கள் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வந்தது இட்லிக்காக. அந்த இட்லிக்கு மாவு ஆட்டியவள் அக்கா.

அக்கா எங்கள் மூவரில் நடுவில் பிறந்தவள். கல்யாணமான சில வருஷத்திலேயே அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அண்ணன் போய்க் கூட்டிவந்தார். "எங்கூட்டுல ஒரு தட்டு ஜாஸ்தி, அவ்வளவுதானே" என்று அப்போது அண்ணன் சொன்னதை ஊரே பெருமையாகப் பேசியது. அந்த ஒரு தட்டுக்கு அவள் கடையின் பின்கட்டில் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். விடிவதற்குமுன் ஒரு முறை, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு முறை. நான் கல்யாணமாகி அதே தெருவில் நாலைந்து வீடு தள்ளி இருந்தேன். விடியற்காலையில் கண் விழித்தால் எனக்கு முதலில் கேட்பது கோவில் மணி இல்லை, அந்தக் குழவி சுற்றுகிற சத்தம்.

ஒரு தவக்காலத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து மடத்து மதர் ஒருவர் எங்கள் மாதா கோவிலுக்கு வந்திருந்தார். அவர்கள் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிக்குச் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அக்கா பூசை முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத அக்கா அவள். மதருக்கு அவளைப் பிடித்துவிட்டது. சம்பளம் உண்டு, தங்குவதற்குத் தனி அறை உண்டு, அறைக்குச் சன்னல் உண்டு என்று அக்கா என்னிடம் சொன்னாள். சன்னலைத்தான் கடைசியில் சொன்னாள், மெதுவாக.

ஆனால் அவள் முழங்காலிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டதை மதர் பார்த்திருந்தார். "அங்க பெரிய அண்டா தூக்கணும்மா. இடுப்பைச் சரி பண்ணிக்கிட்டு ஜூன்ல வா. பள்ளிக்கூடம் திறக்கிறப்ப ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூனுக்குள் இடுப்பு நிமிர வேண்டும். நிமிர்ந்தால் சன்னல். இல்லாவிட்டால் ஆட்டுக்கல்.

அண்ணன் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. "போ, யாரு தடுத்தா? போற வரைக்கும் மாவ மட்டும் ஆட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார். இதைவிட நியாயமாக யார் பேசமுடியும்?

அதுவரை அக்காவுக்கு நடந்த வைத்தியம் ஒத்தடம்தான். தவிடும் கல்லுப்பும் வறுத்து, துணியில் மூட்டை கட்டி, முதுகில் நல்லெண்ணெய் தடவி, அதன்மேல் நான் ஒற்றுவேன். என் வீட்டு வேலை முடித்து வருவதற்குள் அவள் அடுத்த ஈட்டுக்கு அரிசி ஊறவைக்க எழுந்துவிடுவாள். அடுப்பும் எப்போதும் கடைக்காகவே எரியும். ஒரு சட்டி வைக்க இடம் கிடைக்காது. அப்போதுதான் லாரிக்காரர் ஒருவர் அண்ணனிடம், பெங்களூரில் கரண்டில் சுடுகிற மெத்தை ஒன்று விற்கிறார்கள், இடுப்பில் வைத்தால் போதும், நெருப்பும் வேண்டாம் ஆளும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆளும் வேண்டாம் என்பது அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பெண்பிள்ளை சமாச்சாரம், நீயும் வந்து பார் என்றார்.

சிக்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் கடை. கடைக்காரர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். இரண்டு வகை எடுத்துப் போட்டார். இரண்டும் தலையணை உறை அளவுதான் இருக்கும், உள்ளே கம்பி ஓடுகிற துணிப்பட்டை. இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சூடு கூட்டுகிற சுவிட்ச். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றின் உறையைக் கழற்றித் துவைக்கலாம். எனக்கு அதனாலேயே அதைப் பிடித்தது. கரண்ட் சங்கதி எனக்கு என்ன தெரியும், அழுக்கு சங்கதிதான் தெரியும்.

கடைக்காரர் இரண்டையும் பிளக்கில் மாட்டி எங்கள் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் என் கையிலிருந்தது டிக் என்று ஒரு சத்தம் போட்டது. அதன் சின்ன விளக்கு அணைந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

"இது இப்பவே நின்னுபோச்சே. ஊருக்குப் போறதுக்குள்ள செத்துப்போயிடும் போல."

"இல்ல சார், சூடு ஜாஸ்தி ஆனா அதே நின்னுடும். கம்மி ஆனா அதே வரும். நிக்கறது அதோட வேலை சார்."

"வேலை செய்யாம நிக்கறது ஒரு வேலையா? அதுக்கு எங்கூட்டுலயே ஆளு இருக்குது."

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் பேசினால் சிரிப்பு வந்துவிடும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் அப்போது தானாக நின்றுபோகாத சாமான் எது? பம்புசெட் மோட்டார் நிற்கும், ரேடியோ நிற்கும், விளக்கு நிற்கும். நிற்காமல் ஓடுகிறது என்பதுதான் ஒரு மிஷினுக்கு நாங்கள் கொடுத்த நற்சான்று. ஆகவே நிற்காத பட்டையை வாங்கினோம். கடைக்காரர் அதைக் கட்டிக்கொடுக்கும்போது நிறையச் சொன்னார். இதைப் போட்டு அதன்மேல் படுக்கக்கூடாது, உடம்பின்மேல்தான் இதை வைக்கவேண்டும். நடுவில் துணி ஒன்று இருக்கட்டும். மடிக்காதீர்கள், ஈரம் படவிடாதீர்கள், எண்ணெய் தைலம் தடவிய இடத்தில் வைக்காதீர்கள். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். முக்கியமாகத் தூங்கிவிடாதீர்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அண்ணியிடமும் அக்காவிடமும் ஒன்று விடாமல் சொன்னார். "படுக்கக்கூடாதாம், மடிக்கக்கூடாதாம், எண்ணெய் வைக்கக்கூடாதாம், தூங்கக்கூடாதாம். பட்டைய வாங்கிட்டு வந்தேனா, மாமியாரக் கூட்டிகினு வந்தேனா தெரியல." மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது கடைக்காரர் சொன்னதில் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

இன்று என் முழங்காலுக்கும் ஒரு பட்டை இருக்கிறது. என் மகள் வாங்கித் தந்தாள். கடையில் அவள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, தானாக நிற்குமா என்று. சூடு ஏறினால் ஒரு முறையும், நேரம் ஆனால் ஒரு முறையும் தானாக நிற்கும் என்றார்கள். அதைத்தான் வாங்கினேன். வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன். காலின்மேல் துண்டு போட்டு, துண்டின்மேல் பட்டையை வைத்து, முதுகு நேராக நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். சாய்ந்தால் கண் சொருகும். எடுத்ததும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். என் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அண்ணன் கடையில் பின்கட்டுக்கு முன்னால் ஒரு சாமான் அறை. அங்கே ஒரு பல்பு மட்டும் உண்டு, பிளக் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே பிளக் சொருகுகிற ஒரு மாட்டி போட்டு வயரைத் தொங்கவிட்டார்கள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து அக்கா படுப்பாள். சன்னலில்லாத அறை. பட்டை போட்டால் பல்பு கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு.

முதல் நாள் வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. "உள்ள யாரோ கை வச்சுகினு இருக்கற மாதிரி இருக்குதுடி" என்றாள். எங்கள் அம்மா போன பிறகு அவள் முதுகில் அவசரமில்லாமல் கை வைத்தவர்கள் யாரும் இல்லை. நான் ஒற்றியபோதும் அவசரம்தான். கொஞ்ச நாளில் அவள் நடை மாறியது. காலையில் தண்ணீர் நிரப்பிய தவலையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கைப்பிடி உள்ள பெரிய அண்டாவைத் தூக்கிப் பார்த்தாள், முதலில் வெறுமையாக, பிறகு பாதித் தண்ணீரோடு. ஜூனுக்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அண்ணி அண்டாவைக் கழுவி அதன் இடத்தில் வைப்பார்.

பட்டையில் ஒரு குறை மட்டும் இருந்தது. ஒன்றில் வைத்தால் சுடவே சுடாது. ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டமும் பட்டுப்பூச்சிக்குப் போடுகிற மல்பெரியும். கோடையில் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். அது ஓடும்போது வீட்டு பல்பு பழுத்த எலுமிச்சை மாதிரி மங்கிக்கிடக்கும், பட்டையும் அதேபோல் சோம்பிக் கிடக்கும். "மூணுல வை. நம்ம ஊரு கரண்டுக்கு மூணுதான் ஒண்ணு" என்றார் அண்ணன். அன்றிலிருந்து சுவிட்ச் மூன்றிலேயே இருந்தது. யாரும் அதைத் திருப்பவே இல்லை.

அதுவும் போதவில்லை. எங்களுக்குச் சூடு என்றால் சுள்ளென்று இருக்கவேண்டும். வெதுவெதுப்பு என்பது குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு. ஆகவே அண்ணி, முதுகில் வலிக்குத் தடவுகிற பாம் ஒரு விரல் எடுத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தார். அன்பாகத்தான் தேய்த்தார். ஒத்தடம் என்றால் முதலில் எண்ணெயோ தைலமோ தடவி அதன்மேல் சூடு வைப்பதுதான் எங்கள் வழக்கம். கரண்டும் ஒத்தடம்தானே என்று நினைத்தோம். தவிட்டு மூட்டை தானாக ஆறிவிடும் என்பதும், அதைப் பிடித்திருக்கிற கைக்குச் சூடு தெரியும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. மேலே வைத்தால் நழுவுகிறது என்று அக்கா பட்டையைப் பாயில் போட்டு அதன்மேல் மல்லாந்து படுக்கப் பழகிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்க அவளுக்கு எங்கே தெம்பு?

மே மாதக் கடைசி. சூளகிரிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு இட்லி கேட்டிருந்தார்கள். அண்ணன் ஒத்துக்கொண்டார். அக்கா விடியற்காலையிலேயே இரண்டு ஈடு ஆட்டினாள், வழக்கத்தைவிட அதிகம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணி பாம் தேய்த்துவிட்டார், அக்கா போய்ப் படுத்தாள், தூங்கிப்போனாள். அண்ணி ஒரு முறை எட்டிப்பார்த்து, பாவம் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாராம்.

அந்தக் கோடையில் கிணறுகளில் தண்ணீர் கம்மி. காலையில் போட்ட மோட்டார்கள் பிற்பகலுக்குள் சேற்றை இழுக்க ஆரம்பித்துவிடும், ஒவ்வொருவராக நிறுத்திவிடுவார்கள். நான் அக்காவைப் பார்க்கக் கடைக்குள் நுழைந்தபோது முன்பக்கத்து பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து, இன்றைக்குக் கரண்ட் அருமையாக வருகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் துணி கருகுகிற வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைப் புடவைமேல் மறந்து வைத்தால் வருமே, அந்த வாசனை.

கதவைத் திறந்தேன். அக்கா தூக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள், எழவில்லை. சுவிட்சைத் தேடாமல் வயரைப் பிடித்து இழுத்தேன், மாட்டியோடு கழன்று வந்தது. அவளைப் புரட்டியபோது ரவிக்கைக்குக் கீழே இடுப்பில் புடவை ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தபோதுதான் அவள் கத்தினாள்.

உள்ளங்கையைவிடப் பெரிதாக இரண்டு இடத்தில் தோல் வெந்திருந்தது. அண்ணி ஓடிப்போய்க் கை நிறைய இட்லி மாவை அள்ளிவந்து அப்பினார். அவர் வீட்டில் சுட்டால் மாவு பூசுவார்களாம். தண்ணீர் ஊற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் வரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்கா காலையில் ஆட்டிய மாவு அது.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, எங்கள் ஊர் மடத்து மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் காய்ந்த மாவை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். எடுக்க எடுக்க அவர் முகம் இறுகியது. என்ன பட்டை, எப்படிப் படுத்தாள், எதைத் தேய்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அக்காவிடம் குனிந்து கேட்டார்.

"எரிஞ்சிருக்குமேம்மா. எரியறப்ப எழுந்திருக்கக்கூடாதா?"

"எரிஞ்சுது சிஸ்டர். பாம் எரியுதுன்னு நெனச்சுகினேன். நல்லா வேலை செய்யுதுன்னு படுத்திருந்தேன்."

சிஸ்டர் மருந்து வைத்துக் கட்டினார். புண் ஆற நாளாகும், குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது என்று என்னிடம்தான் சொன்னார். வெந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள் என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி அழுதார். அக்கா அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒருக்களித்தே உட்கார்ந்து வந்தாள். விடுதிச் சமையல்கட்டில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் துடுப்புப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள், வாட்டசாட்டமாக, சிரித்த முகமாக. மதர் அக்காவின் முதுகைப் பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "இந்தப் புண்ணோட எப்படிம்மா தூக்குவ? பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் காத்திருந்தேன்" என்றார். ஆள் வேண்டியிருந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார். அக்கா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். அந்த வேப்பனப்பள்ளிப் பெண்ணிடம், அரிசி கொஞ்சம் முன்னால் வடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை.

புண் ஆறுகிறவரை அண்ணி மாவு ஆட்டினார். இட்லி கல்லாக இருக்கிறது என்று லாரிக்காரர்கள் அண்ணனைக் கேலி செய்தார்கள். ஆவணி பிறப்பதற்குள் அக்கா மறுபடியும் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் ஆறிய தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. குழவியைச் சுற்றும்போது உடம்பை முன்னால் சாய்க்க முடியாது, கையால் மட்டும்தான் சுற்றுவாள். குடைச்சல் குடைச்சலாகவே இருந்தது. அதன்மேல் இழுப்பும் சேர்ந்துகொண்டது.

எனக்கு அண்ணன்மேல் கோபம் என்றால், அவர் நிற்காததைத் தேடி வாங்கினாரே என்பதற்காக இல்லை. அவருக்குத் தெரியாது, எனக்கும்தான் தெரியாது. அவர் அதன்பிறகு பேசியதற்காக. கல்லாவில் உட்கார்ந்து யாருக்காவது இடுப்பு வலி, கால் வலி என்று பேச்சு வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். தங்கச்சிக்காகப் பெங்களூர் வரைக்கும் போனது, கடை கடையாகப் பார்த்தது, இருப்பதிலேயே நல்லதாக, நிற்காமல் சுடுகிறதாகப் பொறுக்கி எடுத்தது, கடைக்காரன் சொன்னதை வீட்டில் வரி விடாமல் சொன்னது. இத்தனையும் சொல்லிவிட்டுக் கையை விரிப்பார். "என்ன வாங்கிக் குடுத்து என்ன? போட்டுகினு தூங்கிட்டா." அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஏன் தூங்கினாள் என்று மட்டும் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. விடியுமுன் எழுந்து இரண்டு ஈடு ஆட்டியவள் இருட்டறையில் படுத்தால் வேறு என்ன செய்வாள்?

ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். பாகலூர்க்காரர் ஒருவர், காய்கறி ஏற்றிவருபவர், கதையை முதல்முறையாகக் கேட்கிறார். அக்கா சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, இரக்கத்தோடுதான் கேட்டார்.

"ஏம்மா, சொல்லிக் குடுத்தும் தூங்கிட்டியாம்மா?"

அண்ணன் கல்லாவிலிருந்து அவளைப் பார்த்தார். அண்ணி அடுப்படியிலிருந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே இடதுகையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"ஆமாங்க. நாந்தான் தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் இலையில் சாம்பார் ஊற்றி, அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.